கற்றுக்கொடுக்கிறவருக்குக் கூலி யார் தருவது? சேலம் கொலுசுப் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் கொலுசுப் பட்டறை முதலாளிகள் அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் நின்றாலும் சரி, சிவதாபுரத்தில் ஒரு பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் நீங்கள் அமர்ந்தாலும் சரி, பேச்சு ஒன்றுதான். "ஆளே கிடைக்க மாட்டேங்குதுங்க. புதுசா ஒருத்தனும் தொழிலுக்கு வர மாட்டேங்கிறான்." பையன்கள் டெலிவரி வண்டி ஓட்டப் போய்விட்டார்கள், பெண்கள் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார்கள், ஆக்ராவும் ராஜ்கோட்டும் மிஷினில் செய்து தள்ளுகின்றன என்று காரணங்களும் வரிசையாக வரும்.

நான் பட்டறைகளில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பது, கொலுசாகத் திரும்பி வந்ததை எடை போட்டு வாங்குவது, சேதாரம் கழிப்பது, முன்பணத்தில் பிடித்தது போக மீதியைச் சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. உங்களில் பலர் வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஆள் வராததற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் பாதி சரி. மீதிப் பாதியை என் பேரேட்டில் காட்டுகிறேன். வந்த ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க நாம் எவருக்கும் ஒரு பைசா கூலி கொடுப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் எழுத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் பட்டறைகளில் பெரும்பாலும் கிலோ கணக்குக் கூலி. எத்தனை கிலோ இறக்கினாயோ அத்தனைக்குக் காசு. அப்படியிருக்கும்போது வாரத்துக்குப் பத்து கிலோ இறக்குகிற ஒரு கைக்குப் பக்கத்தில் புதுப் பையன் ஒருவனை உட்கார வைக்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் தன் வேலையை நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடிக்க வேண்டும். அவன் கெடுத்ததைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் அவர் ஏழு கிலோதான் இறக்குவார். குறைந்த மூன்று கிலோவின் கூலி யார் பையிலிருந்து போகிறது? அவர் பையிலிருந்துதான். உங்கள் பட்டறைக்கு நாளைக்கு ஒரு ஆள் தயாராகிறான், அதற்கான செலவை இன்றைக்கு ஒரு தொழிலாளியின் வீட்டு அரிசிப் பானை ஏற்கிறது.

ஒரு பெரியவரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பொடி வைத்து ஊதுவதில், அதாவது பற்றுப்பொடி தூவி ஊதுகுழல் நெருப்பில் வளையங்களை ஒட்டவைப்பதில், அவர் கெட்டிக்காரர். அவர் பற்றவைத்த இடத்தை விரலால் தடவினாலும் முடிச்சு தெரியாது. அவரிடம் ஒரு பையனை விட்டார்கள். பிளஸ் டூ முடித்தவன், பதினெட்டு தாண்டியவன், சூரமங்கலத்திலிருந்து சைக்கிளில் வருவான். வளையங்களைக் கோத்து, வெங்காரம் என்கிற உப்பைத் தடவி, பற்றுப்பொடி தூவி வைத்திருந்தார்கள். பையன் ஊதுகுழலின் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் அவன் தாடையைப் பிடித்து வெள்ளிப் பக்கம் திருப்பினார். "நெருப்பப் பாக்காத கண்ணு, பொடியப் பாரு. மொதல்ல வெங்காரம் பொங்கும். அப்புறம் அடங்கும். அப்புறம் பொடி பளிச்சுன்னு தண்ணியாட்டம் ஓடும். ஓடுனது தெரிஞ்ச ஒடனே நெருப்ப எடுத்துரு. நின்னியோ, கொலுசு கெட்டுச்சு."

சுத்த வெள்ளி உருகுவது ஏறக்குறைய 962 டிகிரி செல்சியஸில். செம்பு கலந்த கொலுசு வெள்ளி அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பிக்கும். பற்றுப்பொடி அதற்கும் கீழே உருகியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சந்தில்தான் நம் மொத்தத் தொழிலும் நடக்கிறது. அளக்க நம் பட்டறைகளில் எந்தக் கருவியும் கிடையாது. கண்தான். அந்தக் கண்ணை ஒருவர் பக்கத்தில் இருந்து திருப்பித்தான் தர முடியும். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட முடியாது.

பையன் அன்றைக்கு நாலைந்து துண்டுகளைக் கெடுத்தான். ஒன்று நன்றாக வந்தது. வந்ததைப் பெரியவர் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "ம்" என்று மட்டும் சொன்னார். பையன் முகம் மலர்ந்ததை நான் நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன்.

சனிக்கிழமை வந்தது. பெரியவருக்கு எப்போதும் வருவதைவிடக் கூலி குறைந்தது. முன்பணத்தில் வாரா வாரம் பிடிப்பது குறையவில்லை. கையில் வாங்கிய நோட்டை அவர் இரண்டாவது முறை எண்ணவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி வேறு, "என்னங்க பெரியவரே, இந்த வாரம் சரக்கு கம்மியா இருக்குது" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பையனுக்கு வேலை டீ வாங்கி வருவதும், காஸ் சிலிண்டர் மாற்றுவதும், பட்டறை கூட்டுவதும் என்று ஆகிவிட்டது. சில மாதங்கள் கழித்து அவன் வரவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்று அந்த முதலாளி என்னிடமே சொன்னார். நான் தலையாட்டவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட நாம் வீணாக்குவதில்லை. சேர்த்து வைத்து, கழுவி, எரித்து, அதில் ஒட்டியிருக்கும் வெள்ளியை எடுத்துவிடுகிறோம். ராவுகிற தூளுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பெரியவரின் கைத்திறன் அவரோடு சேர்ந்து படுத்த படுக்கையாகப் போவதற்குக் கணக்கு இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளி விலையைச் சொல்வீர்கள். நியாயம்தான். 2020 தொடக்கத்தில் கிலோ 50,000 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, 2025இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. "இந்த விலையில கத்துக்குட்டி கையில எப்படிங்க வெள்ளியக் குடுக்கறது?" என்று கேட்கிறீர்கள். கணக்குப்பிள்ளையாகவே பதில் சொல்கிறேன். கெட்டுப்போன கொலுசை உருக்கினால் அது மறுபடி வெள்ளிதான். நஷ்டமாவது கொஞ்சம் சேதாரமும், அதைச் செய்த கூலியும், காஸும். முழு விலையும் போய்விட்டது போல் நாம் பையனைத் திட்டுகிறோம். அதுவும் பயமாக இருந்தால் முதல் சில வாரங்கள் செம்புக் கம்பியில் பழகட்டும். கம்பி இழுப்பது, வளையம் சுற்றுவது, வெட்டுவது, கோப்பது எல்லாம் செம்பிலேயே கை வந்துவிடும். ஊதுவது மட்டும் வெள்ளியில்தான் பழக வேண்டும். அதற்குச் சின்னத் துண்டுகள் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கற்காத கை இனிமேல் உங்களுக்கு நேரடியாகவே நஷ்டம் வைக்கும். வெள்ளி நகைக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் வந்துவிட்டது. இப்போதைக்கு விருப்பமிருந்தால் போடலாம் என்ற நிலைதான், ஆனால் பெரிய கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தால் நாம் மறுக்க முடியுமா? பொடியில் வெள்ளி குறைவு. கை வராதவன் பயத்தில் பொடியை அள்ளிப் போடுவான். அப்படிப் போட்டால் மொத்தக் கொலுசின் டச், அதாவது வெள்ளித் தரம், இறங்கும். எவ்வளவு குறைவாகப் பொடி போட்டு எவ்வளவு கெட்டியாகப் பற்றவைக்கலாம் என்பது அந்தப் பெரியவர் கையில் இருக்கிறது. அவரிடமிருந்து அதை வாங்கி அடுத்தவன் கையில் வைக்க அவருக்கு ஒரு மணி நேரக் கூலி தர நாம் யோசிக்கிறோம்.

அடுத்த பயம் இதைவிடப் பெரியது. "கத்துக்குடுத்தா தனியாப் பட்டறை போட்டுட்டுப் போயிருவான்." போவான்தான். இந்த ஊரில் இன்றைக்கு முதலாளியாக இருக்கிறவர்களில் எத்தனை பேர் இன்னொருவர் பட்டறையில் தொழில் படித்து வெளியே வந்தவர்கள்? உங்கள் அப்பாவையோ தாத்தாவையோ ஒருவர் போகவிட்டதால்தான் பனங்காட்டிலும் பள்ளப்பட்டியிலும் மணியனூரிலும் கொண்டலாம்பட்டியிலும் பட்டறைகள் முளைத்தன. நெசவுக் குடும்பத்திலிருந்தும், விவசாயக் குடும்பத்திலிருந்தும் வந்து கொலுசு படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இது பிறப்பால் வந்த தொழிலாக மட்டும் இருந்திருந்தால் சேலம் கொலுசு என்று வெளிமாநிலத்துக்காரன் கேட்டு வாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. வெளியே போனவன் பிறகு உங்களிடமே ஜாப் வொர்க் எடுக்கிறான். சீசனில் ஆர்டர் தாங்காதபோது நீங்கள் யாருக்குப் போன் போடுகிறீர்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

போகக்கூடாது என்று பிடித்து வைக்க நாம் கண்டுபிடித்த வழி முன்பணம். கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, வீட்டு ஒத்திக்கு என்று கொடுக்கிறோம். அவசரத்தில் கைகொடுத்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. பேங்க் படியேற முடியாதவனுக்கு நீங்கள்தான் பேங்க். ஆனால் கடனைத் தீர்க்கும்வரை வேறு பட்டறைக்குப் போகக்கூடாது என்கிற இடத்தில் அது உதவியிலிருந்து வேறு ஒன்றாகிவிடுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடுவது அந்தச் சட்டப்படி செல்லாது. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. முன்பணத்தைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் இப்போது பிள்ளைகளை அனுப்பப் பயப்படுகிறார்கள். "எங்க தலைமுறையோட போகட்டுங்க, புள்ளைய அதுல மாட்டிவிட மாட்டேன்" என்று ஒரு அம்மா என் மேசை முன்னால் நின்று சொன்னார். அவர் வீட்டுக்காரர் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறார்.

"சின்ன வயசுலயே பழக்குனாத்தான் கை வரும்" என்று இன்னும் சிலர் சொல்வதைக் கேட்கிறேன். அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள். பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் பிள்ளைகளை வைக்கக்கூடாது, பதினெட்டு வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது என்று 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி இறுக்கிவிட்டார்கள். அடி வாங்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துப் படித்த அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள், அப்படிப் படிக்க வந்து கண்ணும் நெஞ்சும் கெட்டுத் திரும்பியவர்களையும் நினைத்துக்கொள்ளட்டும். காரணம் சொல்லிக் கொடுத்தால் இருபது வயதுப் பையனுக்கு வேகமாகவே வருகிறது. "ஏன் வெங்காரம் போடணும்?" என்று அவன் கேட்டால், காற்று பட்டு வெள்ளியின் மேல் கருப்புப் படியாமல் பொடி ஓட வழிவிடுகிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். "போடுன்னா போடு" என்றால் அவன் செல்போனைத்தான் எடுப்பான்.

நெஞ்சு கெடுவது பற்றி ஒரு வார்த்தை. சில பற்றுப்பொடிகளில் காட்மியம் கலந்திருக்கும். சுலபமாக உருகும், அதனால் கைக்குப் பிடிக்கும். அதன் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம். வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். புகை வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். ஆசிட் தொட்டி இருக்கும் மூலையில் சாப்பாட்டுத் தூக்கை வைக்க வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம். ஆள்தான் முதல், சரக்கு அப்புறம் என்பதை உங்கள் பட்டறைக்குள் புதிதாக நுழைகிறவன் பேச்சில் தேட மாட்டான். ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பான்.

சரி, கற்றுக்கொடுக்கிறவருக்குக் கூலி எப்படித் தருவது? நான் கணக்கு எழுதிய ஒரு பட்டறையில் செய்து பார்த்தார்கள். பெரிய பட்டறை இல்லை. அதன் முதலாளி அண்ணன் செய்தது இதுதான்: புதுப் பையன் பக்கத்தில் உட்காருகிற வாரங்களில், மேஸ்திரிக்குக் கிலோ கணக்கை நிறுத்திவிட்டார். முந்தைய சில மாதங்களின் சராசரிக் கூலியை அப்படியே வாரக் கூலியாகக் கொடுத்தார். எத்தனை கிலோ இறங்கினாலும் அதே தொகை. பையனுக்கும் தினக் கூலி, முன்பணம் இல்லை. ஒவ்வொரு வேலையிலும் சில வாரம் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தார், கம்பி இழுப்பதிலிருந்து கொக்கி வைப்பது வரைக்கும். வாரக் கடைசியில் மேஸ்திரியிடம் "எத்தனை கிலோ?" என்று கேட்க மாட்டார். "பையனுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பார்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். முதலில் வந்த பையன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஒரு மேஸ்திரி சம்பளம் நிற்கிறது என்று தெரிந்ததும் இரண்டு நாள் சும்மா ஒப்பேற்றினார். அண்ணன் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. தீபாவளி ஆர்டர் நெருக்கியபோது எல்லாரையும் திரும்பக் கிலோ கணக்குக்கே போகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பட்டறையில் இப்போது முப்பது வயதுக்குள் இரண்டு பேர் ஊதுகிறார்கள். ஒருத்தி பெண். இந்த ஊரில் அது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது தனி மடலுக்கே ஆகும். கொக்கி மாட்டுவது, சலங்கை கோப்பது, மணி வைப்பது என்று எத்தனையோ வீடுகளில் பெண்கள்தான் செய்கிறார்கள். சரக்கு போவது வீட்டுக்காரர் பெயரில், கூலி எழுதுவது வீட்டுக்காரர் பெயரில். பக்கத்து வீட்டு மருமகளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது யார் என்று எந்த நோட்டிலும் இருக்காது. குறைந்தபட்சம் செய்கிறவர் பெயரில் கணக்கு எழுதச் சொல்லுங்கள். நாங்கள் எழுதுகிறோம். ஒரு பேனா மை கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

காசு எங்கிருந்து வரும் என்கிறீர்களா? கொஞ்சம் வெளியிலிருந்தும் வரும். இரும்பாலை மாதிரிப் பெரிய இடத்துக்குத்தான் அப்ரெண்டிஸ் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம், அதாவது அப்ரெண்டிஸ் சட்டம், நமக்கும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடம் எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் 25 விழுக்காடு, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2016இல் வந்தது. மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் வரை கடனும் 50,000 வரை மானியமும் இருக்கிறது. நம் மேஸ்திரிகள் பலருக்கு அந்த வயது தாராளமாக ஆகிவிட்டது. ஆனால் இவற்றில் எதிலும், வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த மேஸ்திரியின் இழப்புக்கு ஈடு இல்லை. அதை நீங்கள்தான் தர வேண்டும். ஒரு பட்டறை தனியாகத் தாங்காது என்றால் உங்கள் முதலாளிகள் சங்கம் தாங்கட்டும். விற்கிற கிலோவுக்கு இவ்வளவு என்று சின்னத் தொகை ஒதுக்கினால், யார் பட்டறையில் யார் கற்றுக்கொடுத்தாலும் அதிலிருந்து கூலி தரலாம். கற்றவன் வேறு பட்டறைக்குப் போனால் கற்றுக்கொடுத்த முதலாளிக்கு மட்டும் நஷ்டம் என்ற பேச்சும் அப்போது எடுபடாது.

அரியாகவுண்டம்பட்டியில் கொலுசுத் தொழிலுக்கென்று பன்மாடிக் கட்டடத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். யாருக்கு எந்தத் தளம், யாருக்கு எந்த மூலை என்று நம் ஆட்கள் பேசுகிறார்கள். ஒரு அறையைக் கற்பதற்கு ஒதுக்குங்கள் என்று சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். வேலை நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கண் மங்கினாலும், பையன் ஊதும்போது எங்கே தப்பு நடக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் அவர்கள் அங்கே வந்து உட்காரட்டும். போக வர ஆட்டோ காசும், மரியாதையான கூலியும் கொடுங்கள். சால்வை போர்த்திப் போட்டோ எடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்பது இவ்வளவுதான். ஆடித் திருவிழா முடிந்து, தீபாவளி ஆர்டர் ஏறுவதற்குள் ஒரு சங்கக் கூட்டம் போடுங்கள். கற்றுக்கொடுக்கும் வாரத்துக்குச் சராசரிக் கூலி, கற்க வருகிறவனுக்கு முன்பணமில்லாத தினக் கூலி, பெண்கள் பெயரில் கணக்கு என்ற மூன்றையும் முதல் பொருளாக வையுங்கள், கடைசிப் பொருளாக வைத்து டீ வந்ததும் கலைந்துவிடாதீர்கள். கிலோவுக்கு எவ்வளவு ஒதுக்கினால் வருடத்துக்கு எத்தனை மேஸ்திரிகளுக்குத் தாங்கும் என்று நான் கணக்குப் போட்டு எடுத்து வருகிறேன். தேதி மட்டும் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்குப் பட்டுவாடா.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கு எழுதுகிற ஒருவன்,
சிவதாபுரம், சேலம்.